வட்டத்தில் ஒரு கதிரை

"எல்லாரும் எழும்பி வாங்க. வட்டமா நிப்போம்" என்றார் கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர்.

காலை ஒன்பது மணி. பதுளை அலுவலகத்தின் மேல்மாடியில் ஏழு பேர் இருந்தோம். தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்கு முகவரி பதியும் மென்பொருளைச் செய்கிற குழு. எட்டு மாதமாகியும் அது முடியவில்லை. ஆகவே புது முறை.

இனித் தினமும் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நிற்காதவர் குழுவில் இல்லை என்று பணிப்பாளர் கடிதமே அனுப்பியிருந்தார்.

கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இதைப் பெரட்டு என்பார்கள். விடியற்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தால்தான் வேலை. எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் என் அம்மா இராக்கம்மா பிந்திப் போனார். முழுப் பெரட்டும் பார்த்திருக்க, கங்காணி அவரைத் திருப்பி அனுப்பினார். அவர் தனியாக நடந்து வந்ததை லயத்து வாசலிலிருந்து பார்த்தேன்.

காலையில் யார் முன்னாலும் அப்படி நிற்பதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் அதைக் காப்பாற்றினேன். காரணம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம் இருந்தது.

நான் எழும்பவில்லை.

பயிற்சியாளர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கையாலேயே ஒரு கதிரையைத் தூக்கிவந்து வட்டத்தில் வைத்தார்.

"சேருக்கு மட்டும் கதிரையா மிஸ்? எங்களுக்கும் முழங்கால் இருக்குதானே" என்றான் நிஸாம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அவர் உக்காந்தே பேசட்டும்" என்றார் பயிற்சியாளர்.

எழுந்து போனேன். கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். கைகளைத் தொங்கவிட்டு, பெரட்டில் நிற்பது போலவே.



மற்ற எல்லாரையும் பெயர் சொல்லிக் கேட்டார். என் முறை வந்தபோது பெயரும் சொல்லவில்லை, மற்றவர்களைப் போல சேர் என்றும் அழைக்கவில்லை.

"தடை ஏதும் இருக்கா?"

"இல்லை."

மஞ்சள் தாளொன்றில் அதை எழுதிப் பலகையில் ஒட்டினார். ஓரத்தை இரண்டு முறை அழுத்திவிட்டார்.

பதினான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கதிரையில் யாரும் உட்காரவில்லை.

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெயந்தினி அர்ஷாத் என்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஜெயந்தினி என்ற பெயரின் முன்னால் என் பெயரின் முதலெழுத்து இருந்தது.

அம்மாவின் பெரட்டுக் கதையைச் சொன்னபோது அவளுக்குப் பதினொரு வயது.

அவள் கல்யாணம் செய்த அன்று, இனி அவள் கையால் எதையும் வாங்குவதில்லை என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தேன்.

அதைக் காப்பாற்றினேன்.