அடி இலை மஞ்சள்

துணி அலமாரியைத் திறந்ததும் வெள்ளை வெளிச்சம் நெல்டாவின் முகத்தில் விழுகிறது. சின்ன விசிறி முனக, அரசிடம் பதிந்து வளர்க்கும் மூன்று கஞ்சாச் செடிகளும் தலையாட்டுகின்றன. விதை போட்ட கணவன் வில்மர் இப்போது பார்சிலோனாவில் லாரி ஓட்டுகிறான். செடியில் இலை வாடினால் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை கைபேசித் திரையில் வருவான். மொண்டேவிடியோ தெருவில் ஞாயிற்றுக்கிழமை முரசு ஊர்வலம் தொடங்கிவிட்டது; திரையில் வில்மர். "கிட்ட காட்டு குண்டம்மா. அடி இலை மட்டுமா, மேலயுமா?" "அடியிலதான். நரம்புகூட மஞ்சள்." "தழைச்சத்துப் பத்தல. குடிச்ச மாத்தே டீ சக்கையத் தொட்டியில கொட்டறியா? அது மக்கறப்போ சத்தையெல்லாம் தின்னுடும்டி. உரம் வாங்கினியா?" "இன்னும் இல்ல." "அடுத்த ஞாயிறுக்குள்ள செத்துடும்!" "அப்போ புதன்கிழமையே கூப்பிடு." அவன் சிரிக்கிறான். "சரி. கொஞ்சம் போனை ஜன்னல்ல பிடி, முரசு கேக்கட்டும்." முரசு தெருமுனை திரும்பும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரை அணைகிறது. மேல்தட்டில் உரப்பாட்டில் மூடி திறக்காமல் இருக்கிறது. நெல்டா மாத்தே குடுவையை எடுத்து, சூடு ஆறாத சக்கையை விரலால் வழித்து, செடியின் அடியில் ஒட்டத் தட்டுகிறாள்.