வழி விட்டவர்கள்

ஜாவாவில் தண்டவாளம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் ரயில் மோதி இறந்துபோனார்கள். விசாரணை அதிகாரி ரெத்னோவின் எதிரில் ரயில் ஓட்டுநர் சுகிர்மான் உட்கார்ந்திருந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. கொடுத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

"ஹார்ன் அடிச்சீங்களா, பாக்?"

"அடிச்சேன், இபு. நல்லா நீளமாவே அடிச்சேன்." அந்த ஊரில் 'பாக்' என்றால் ஐயா, 'இபு' என்றால் அம்மா.

"அவங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. திரும்பிப் பாத்தாங்க. சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு விலகினாங்க. கடைசி ஆள் எனக்குக் கைகூடக் காட்டினார்."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"பிரேக் போடலையா?"

"எதுக்கு இபு? அதான் வழி விட்டுட்டாங்களே."

ரெத்னோ பேனாவை மூடினார்.

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, பாக். உங்க வண்டி யாரையும் இடிக்கல. பக்கத்துத் தண்டவாளத்துல எதிர்ல வந்த எக்ஸ்பிரஸ்தான் இடிச்சிருக்கு. அந்த டிரைவரைத்தான் வரச் சொல்லியிருக்கோம். உங்களை யாரும் கூப்பிடவே இல்லையே, நீங்களா ஏன் வந்தீங்க?"

சுகிர்மான் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு வழி விடத்தான், இபு, அவங்க அந்தத் தண்டவாளத்துல போய் நின்னாங்க."