மூன்றாவது அக்சில்

"உன்னால ஒருத்தன்ட கை முறிஞ்சி போச்சுடா!"

மீராமுகைதீன் போட்ட சத்தத்தில் பாண்டிருப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு லொறிக்கு அடியில் கிடந்த தங்கத்துரை மெல்ல வெளியே வந்து, கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தான். அவனுடைய சின்னக் கராஜில் இப்படி ஒரு வார்த்தை இதுவரை விழுந்ததில்லை.

"காக்கா, கொஞ்சம் ஆறுதலாக் கதைங்க."

"ஆறுதலாவா? நேத்து நாவிதன்வெளி மதகடியில லொறி பக்கத்தால இழுத்து வாய்க்காலுக்க போட்டுட்டு. நாப்பது மூடை நெல்லு தண்ணிக்க. கச்சிமுகம்மது மேல இருந்து விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கான். எல்லாம் நீ பூட்டின முன் அக்சிலாலதான்!"

நாலு சில்லும் இழுக்கிற லொறி அது. பதினாறு வருடம் சேற்றுப் பாதைகளில் நெல் ஏற்றியதில், முன் சில்லுகளுக்கு இழுவை கொடுக்கிற இரும்புத் தண்டுகள் உண்மையாகவே தேய்ந்து போயிருந்தன. சூறாவளி அடித்து மூன்றாம் வருடத்து அறுவடை தொடங்கியபோது தங்கத்துரை இரண்டையும் மாற்றிக் கொடுத்தான்.

பத்து நாள் போகவில்லை. லொறி வரம்பில் ஏறி நின்றது. அக்சில் சரியில்லை என்று மீராமுகைதீன் ஒற்றைக்காலில் நிற்க, வேறு இரண்டு தண்டுகள் வரவழைத்துப் பூட்டினான். இப்போது இது.

மீராமுகைதீனுக்குக் கச்சிமுகம்மது வெறும் கூலியாள் இல்லை. பன்னிரண்டு வருடமாக மூடை ஏற்றி இறக்க அவரோடு ஓடுகிறவன். முன் சீற்றில் பக்கத்தில் இருந்துகொண்டு, "முதலாளி, வலப்பக்கம் பள்ளம்... முதலாளி, மாடு ஒண்டு வருது" என்று ஓயாமல் கதைத்தபடி வருவான். நேற்று மூடைக்கட்டு தளர்ந்துவிட்டதென்று மேலே ஏறி இருந்தான். அந்த நேரம் பார்த்தா அக்சில் இப்படிச் செய்ய வேண்டும்? மாவுக்கட்டுப் போட்டு இன்றைக்கு விடுவார்களாம். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கழத்து! இப்பவே, எனக்கு முன்னால கழத்து!"

தங்கத்துரை லொறிக்கு ஜாக்கி வைத்தான். சில்லைக் கழற்றி, தண்டை உருவி எடுக்க மத்தியானமாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி அவர் கையில் வைத்தான்.

"பாருங்க காக்கா."

மீராமுகைதீன் தண்டின் நுனியில் வெட்டியிருந்த பல்லுகளைப் பெருவிரலால் தடவினார். ஒவ்வொன்றும் கூராக நின்றது. மற்றத் தண்டையும் வாங்கித் தடவினார். அதிலும் ஒரு தேய்வும் இல்லை.

அவருக்குக் கோபம் இரண்டு மடங்காக ஏறியது.

"கழுவுற சாட்டில வேற தண்ட எடுத்துத் தந்துட்டாய் நீ!"

இப்போது தங்கத்துரைக்கும் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த ஸ்பானரை நிலத்தில் எறிந்தான்.

"எனக்குக் கள்ளன் பட்டம் கட்டாதீங்க! அக்சில் தேஞ்சா வளைவில டக்கு டக்கெண்டு அடிக்கும். சேத்தில இழுக்காது. நல்ல றோட்டில போற லொறியக் கொண்டுபோய் வாய்க்காலுக்க போடாது! ஸ்ரேறிங்கும் பாத்துட்டன், பிறேக்கும் பாத்துட்டன். லொறியில ஒரு பிழையும் இல்ல."

"அப்ப பிழை என்னிலயா? முப்பது வருசம் லொறி ஓடுறவன்டா நான்!"

தங்கத்துரை அவரையே உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வை திட்டுவதை விட மோசமாகச் சுட்டது.

"பூட்டு! நான் சம்மாந்துறைக்குக் கொண்டுபோய்க் காட்டுறன். கல்முனைச் சந்தைக்க நிண்டு உன்ட வேலையச் சொல்றன் பாரு. இனி எங்கட ஆக்கள்ட ஒரு லொறி உன்ட படலைக்குள்ள வராது!"

கராஜுக்கு வருகிற லொறிகளில் பாதி முஸ்லிம் முதலாளிமாருடையது. தங்கத்துரையின் முகம் கறுத்தது. ஆனாலும் தண்டுகளைத் திரும்பப் பூட்டினான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கடைசி நட்டையும் இறுக்கி முடித்தான்.

மீராமுகைதீன் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். மேற்குப் பார்த்த வாசல். கண்ணாடிக்கு அப்பால் வெயில் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. எஞ்சினை எழுப்பி, கியரைத் தள்ளி, கிளச்சை விட்டார். லொறி உறுமிக்கொண்டு முன்னால் போனது.

தங்கத்துரை என்னவோ அலறினான். ஓடி வந்து மிதிபலகையில் பாய்ந்து ஏறி, ஜன்னலுக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினான். லொறி ஒரு தரம் குலுங்கி நின்றது.

"ஏன்டா நிப்பாட்டினாய்?" மீராமுகைதீன் அவன் கையைத் தட்டிவிட்டார். "வாசல் திறந்து கிடக்கு, றோட்டு வெறிச்செண்டு கிடக்கு! இப்ப ஆரு முன்னால நிக்கிற?"

தங்கத்துரைக்கு மூச்சு வாங்கியது. அவன் கண்ணாடிக்கு நேரே கையை நீட்டிக் காட்டினான்.

பொனற்றுக்கு ஒரு முழம் முன்னாலிருந்து கச்சிமுகம்மதின் குரல் வந்தது.

"நான்தான் முதலாளி நிக்கிறன்."