பட்டை கண்ணாடியாகும் நேரம்

கானா நாட்டுக் குமாசி நகரில் வெயில் ஏறிவிட்டது. துக்கப் பந்தலுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வீடியோக்காரன் புவாடுவின் பழைய லேப்டாப் மறுபடியும் அணைந்து எழுகிறது. கம்பெனி என்றோ கைகழுவிய லேப்டாப். இதில் ஓடாது என்று சொன்ன புது இயங்குதளத்தைக் குறுக்குவழியில் ஏற்றியவன் இவன்தான். எல்லாம் ஏறியது, கிராபிக்ஸ் மட்டும் வரவில்லை. பந்தலின் பெரிய திரையில் போடுவதற்காகக் காலையில் வந்துசேர்ந்த பழைய வீடியோவில், இறந்துபோன பெரியவர் விக்கி விக்கி ஆடுகிறார். இப்போது கிராபிக்ஸுக்கான கடைசி வைத்தியமும் பார்த்தாயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு பாதிவரை வந்து நிற்கிறது. உள்ளே விசிறி இரைகிறது. தண்ணீர்ப் பாக்கெட் எடுக்க வந்த நானும் நகராமல் நிற்கிறேன். துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்திய பெரியவரின் மகள் செர்வா அவன் தோளுக்கு மேல் குனிகிறாள்.

“அண்ணே, மேளத்த நிறுத்திட்டாங்க. எல்லாரும் பெரிய திரையத்தான் பாக்குறாங்க.”

“பெட்டியில சாயாத தாயி. மூச்சக்கூட மெல்ல விடு.”

கோடு நகர்கிறது. படம் விரிகிறது. திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த ஐகான் பட்டை மெல்லக் கண்ணாடியாகி, பின்னாலிருக்கும் படத்தின் நீலத்தைக் காட்டுகிறது. கிராபிக்ஸ் வந்துவிட்டது! புவாடு வீடியோவைத் தட்டுகிறான். பெரியவர் ஆடுகிறார், ஆனால் இரண்டு அடிக்கு ஒருமுறை இடப்பக்கம் ஒரு வெட்டு. அவன் தலையில் கைவைத்துக்கொள்கிறான்.

“போச்சு. இன்னும் விக்குதே.”

செர்வா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்னாடி கொடித்துணியப் பாருங்க, காத்துல விக்காமதானே ஆடுது. இது லேப்டாப் இல்லண்ணே, எங்கப்பா. அவருக்கு இடது கால் கொஞ்சம் கட்டை.”