ஒரே செட்

சகாயம் ஜிம்மில் நெஞ்சுக்கு ஒரே ஒரு செட்தான் போடுவான். இனி கை மேலே போகாது என்கிற வரைக்கும் நிறுத்தாமல் எடையைத் தூக்கிவிட்டு எழுந்து போய்விடுவான். முபாரக் எடையைக் குறைத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க செட் செட்டாகப் போடுபவன். எது உடம்பை வளர்க்கும் என்று இருவருக்கும் தீராத சண்டை. கடைசியில் பந்தயம் வைத்தார்கள். நூறு கிலோவை சகாயம் தூக்கிவிட்டால் முபாரக் அவன் வழிக்கு வரவேண்டும். இல்லையென்றால் சகாயம் முபாரக்கின் வழிக்கு.

தூக்குபவனுக்குக் கை தளர்ந்தால் எடை மாட்டிய கம்பியைப் பிடிக்கத் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். சகாயம் பெஞ்சில் படுக்க, முபாரக்கே நின்றான். கம்பி இறங்கி நெஞ்சைத் தொட்டது. பாதி ஏறியது. நின்றது. சகாயம் கண்களை இறுக மூடிக்கொண்டான். பிறகு அது மெல்ல, மிக மெல்ல மேலே போய்த் தாங்கியில் உட்கார்ந்தது.

“கம்பியத் தொட்டியாலே?” எழுந்து உட்கார்ந்து சகாயம் கேட்டான்.

“நான் எங்க தொட்டேன்? நீயாத்தான் தூக்குன. நாளையிலேருந்து எனக்கும் ஒரே செட்டுதான் மக்கா.”

முபாரக் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் விரல்களில் கம்பியின் சொரசொரப்பு கட்டம் கட்டமாகச் சிவந்து பதிந்திருந்தது. அன்று அவன் கம்பி எதையும் பிடிக்காமல் காலுக்கு மட்டும்தான் பயிற்சி செய்திருந்தான்.

சகாயம் வாங்கிக் குடித்தான். பாட்டிலை மூடித் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் பெஞ்சில் படுத்தான்.

“இன்னொரு செட்டு,” என்றான். “கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு.”