பெலிக்ஸ் பார்க்காத டிசம்பர்

அவர் மௌஸின் மேல் விரலை வைத்திருந்தார்.

அழுத்தவில்லை.

திரையில் இரண்டு பெயர்கள். டிசம்பர் 1966. மெட்ராஸ் லைட்வெயிட் பட்டம். பெலிக்ஸ், ஞானப்பிரகாசம்.

இரண்டாவது பெயர் அவருடையது.

மகள் கொடுத்த பழைய லேப்டாப்பில் இருந்த குத்துச்சண்டை விளையாட்டு அது. வீரர்களின் பெயர், வயது, பலம், பலவீனம் எல்லாவற்றையும் நாமே போடலாம். போட்டுவிட்டால் சண்டையை அதுவே நடத்தும். ஒவ்வொரு ரவுண்டிலும் என்ன நடந்தது என்று எழுத்தில் காட்டும்.

அவர் தன் இளவயது ராயபுரத்தை அதற்குள் கொண்டுவந்திருந்தார். இடது கையை மட்டுமே நம்பிய கேசவுலு. மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும் பர்மா சலீம். அடி வாங்கும்போதெல்லாம் சிரிக்கும் பலராமன். ஆட்களை ஒவ்வொருவராக நினைவிலிருந்து எடுத்து, யோசித்து யோசித்துப் புள்ளிகள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் உட்காருவார். வாரத்துக்கு விளையாட்டில் ஒரு மாதம்.

ஜனவரி. பிப்ரவரி. மார்ச் சண்டையின்போது அறைக்குள் வறுத்த வேர்க்கடலை மணந்தது. தகரக் கொட்டகையில் விசில் பறந்தது. மணல் அடைத்த கோணிப்பையைக் குத்திக் குத்தித் தோல் உரிந்த தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பரில் நிறுத்திவிட்டார்.

நிஜத்தில் 1966 செப்டம்பரில்தான் பெலிக்ஸ் இறந்துபோனான். மஞ்சள் காமாலை. இருபத்துமூன்று வயது.

செசிலி காபியோடு வந்தாள். அவருடைய மனைவி. பெலிக்ஸின் தங்கை. குத்துச்சண்டை என்றாலே முகம் சுளிப்பவள். திரையில் அண்ணன் பெயரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதுல அண்ணனுக்குக் காமாலை வருமா?"

"இதுக்கு அதெல்லாம் தெரியாது."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் அழுத்தினார். பெலிக்ஸ் செப்டம்பரில் சலீமை ஜெயித்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவளும் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள். யார் ஜெயித்தது என்று கேட்கமாட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"அண்ணனுக்கு அடி பலமா?"

அக்டோபர். நவம்பர். பெலிக்ஸ் மேலே ஏறிக்கொண்டே போனான். அவரும்தான்.

இதோ, டிசம்பர்.

நிஜ டிசம்பரில் அவர் கேசவுலுவை அடித்துப் பட்டம் வாங்கினார். கோப்பை ஷோகேஸில் இருக்கிறது. தெருவில் வயசானவர்கள் இன்றைக்கும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பெலிக்ஸ் இருந்திருந்தால்?

இத்தனை வருடத்தில் அதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. யாரும் அவரிடம் கேட்டதுமில்லை. இருவரும் ஒரே இடத்தில் பயிற்சி எடுத்தவர்கள். மேடையில் ஒரு தடவைகூட மோதியதில்லை.

மௌஸை நகர்த்தினார். தன் பெயரைத் திறந்தார். வலது கைக் குத்துக்கு ஏழு போட்டிருந்தார். அதை ஐந்தாக மாற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. அப்ப கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டேன்."

செசிலி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விட்டுக்குடுக்காதீங்க. அண்ணன் கண்டுபுடிச்சிடும். அதுக்குக் கோவம் வரும்."

மறுபடி ஏழு போட்டார். அழுத்தினார்.

முதல் ரவுண்டு பெலிக்ஸுக்கு. இரண்டாவது சமம்.

மூன்றாவது ரவுண்டில் ஞானப்பிரகாசத்தின் வலது கை தாடையில் விழுந்தது. பெலிக்ஸ் கீழே கிடந்தான்.

எண்ணிக்கை ஓடியது. ஒன்று. இரண்டு.

செசிலியின் நகம் அவர் கையில் பதிந்தது.

"ஏந்திருண்ணா," என்றாள் திரையைப் பார்த்து.

ஆறு. ஏழு.

எட்டில் எழுந்தான்.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். செசிலிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாலாவது ரவுண்டு பெலிக்ஸ். ஐந்தாவது பெலிக்ஸ். ஆறாவதில் இரண்டு பேரும் மணி அடிக்கும்வரை நின்ற இடத்தில் நின்றே அடித்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்தது.

ஒரு புள்ளியில் பெலிக்ஸ்.

அவர் எழுந்துவிட்டார். மூட்டு வலி, நாற்காலி சாய்ந்தது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மேசையை ஓங்கி அறைந்தார்.

"மச்சான் ஜெயிச்சுட்டான்! செசிலி, மச்சான் ஜெயிச்சுட்டான்டி!"

அந்தக் காலத்தில் ராயபுரத்துப் பையன்கள் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் பெலிக்ஸை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட்டால் தங்கச்சி விஷயம் தெரிந்துவிடும் என்று பயம். கல்யாணம் ஆனபோது கூப்பிட ஆள் இல்லை.

செசிலி சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அவரை உட்காரவைத்தாள். முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் முகத்தை.

திரையில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. அடுத்த வருடத்தைத் தொடங்கலாமா?

"தொடங்கினா என்ன ஆவும்?"

"எல்லாருக்கும் ஒரு வயசு கூடும்."

"அண்ணனுக்கு இருபத்துநாலா?"

"ஆமா."

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கணுமே," என்றாள். "ஜனவரியில சண்டை எதுவும் வைக்காதீங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புது வருடத்தைத் திறந்தார். ஜனவரியைக் காலியாக விட்டார்.