லயத்து வாசல்

"அந்தச் சின்ன வாசலை அடைச்சிரு பிலோமி."

கோவில் கமிட்டித் தலைவர் சூசையப்பன் தையல் கடைக்குள் கால் வைத்ததுமே உத்தரவு போட்டார்.

மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் முழ உயரத்துக்கு நின்றது, எப்போதோ இடித்துவிட்ட பழைய மாதா கோவிலின் முகப்பு. பிலோமிக்கு இது ஒரு கிறுக்கு. பழைய கட்டிடம் எதைப் பார்த்தாலும் அதன் முகப்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செதுக்கிவிடுவாள். தைக்கக் கொடுத்த ரவிக்கை மாசக்கணக்கில் கிடக்கும், கோபுரத்துச் சிலுவை மட்டும் சொன்ன நேரத்துக்கு ரெடி!

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நூற்றாண்டு விழா. பிஷப் வருகிறார். மேடையில் வைக்கத்தான் இந்த முகப்பு.

"அது லயத்து வாசல்ண்ணே. பெரிய வாசல் முதலாளிமாருக்கு. லயத்து வரிசை வீடுகள்ல குடியிருக்குற தோட்டக் கூலியாளுக இது வழியாத்தான் பூசைக்குப் போவாக. எங்கம்மா என்னைய ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனது இதுலதான். உங்கம்மாவும் இதுலதான் போயிருப்பாக."

சூசையப்பன் முகம் சுண்டிப்போனது. அவரும் லயத்தில் பிறந்தவர்தான். இப்போது சொந்தமாக ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது.

"பழைய அசிங்கத்தை பிஷப் முன்னால கடை பரப்பணுமா? அந்த வாசல் இருந்தா மேடை கிடையாது, சொல்லிட்டேன்!"

"மேடை வேண்டாம். வாசலை அடைக்க மாட்டேன்."

ஊரே அவளைத் திட்டியது. ஜீப் ஓட்டும் புருஷன் ஜோபிகூட அலுத்துக்கொண்டான்.

"வருஷம் பூரா கண்ணைக் கெடுத்துக்கிட்டுச் செஞ்சிருக்க. கட்டிலுக்கு அடியில போட்டு வைக்கவா? தலைவர் நல்லதுக்குத்தானே சொல்றாரு?"

பிலோமி மசியவில்லை. அப்பப்பா, என்ன வீம்பு!

சனிக்கிழமை சூசையப்பன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன் தாயி. இப்ப நாம எல்லாரும் ஒரே வாசல்லதானே நுழையிறோம்? பெறகு இது என்னத்துக்கு?"

பிலோமிக்கும் அப்படித்தான் பட்டது. நியாயம்தானே!

மெழுகுதிரியை உருக்கி அந்த வாசலுக்குள் ஊற்றி, மேலே வெள்ளை தடவினாள். அம்மா முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை. ஜீப்பில் முன் சீட்டில் பிலோமி, மடியில் கோவில் முகப்பு. பின்னால் லயத்துப் பெண்கள், இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு.

கோவில் முன்வாசலில் புது ஜிப்பாவில் நின்ற சூசையப்பன் ஓடி வந்து முகப்பைப் பார்த்தார்.

"ஆகா! இப்பத்தான் லட்சணமா இருக்கு. உள்ள வா பிலோமி, நேரா மேடைக்குப் போ."

அவளுக்குப் பின்னாலேயே படியேறிய பெண்களைக் கண்டதும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஏய், நீங்க எங்க இதுக்குள்ள? பிஷப் வர்ற நேரம். முன்வாசல் பெரிய மனுஷங்களுக்கு. லயத்து ஆளுக எல்லாம் அந்தா, சைடு வாசல் வழியாப் போங்க!"

பெண்கள் சைடு வாசல் பக்கம் திரும்பி நடந்தார்கள். பிலோமி நின்றுவிட்டாள்.

முகப்பைப் படியிலேயே இறக்கி வைத்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மெழுகைக் கிளற ஆரம்பித்தாள்.

சூசையப்பன் பதறினார். "என்ன பண்ற நீ? அடைச்ச வாசலை ஏன் தொறக்குற?"

பிலோமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புழக்கத்துல இருக்குற வாசலை எப்படிண்ணே அடைக்கிறது?"